பாதாளக் கரண்டிக்கு ஈடு

எங்கள் கார் ஷெட்டில் கார் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. வீடு கட்டும்போது, "ஷெட்டு இல்லாத வூடு எனக்கு வேணாம்" என்று குவைத்திலிருந்து போனிலேயே ஒற்றைக் காலில் நின்று கட்டவைத்தவர் என் வீட்டுக்காரர். அடுத்த லீவில் கார் வரும் என்றார். லீவுகள் வந்தன, போயின. காருக்குப் பதில் ஒவ்வொரு லீவுக்கும் கார்கோ பெட்டியில் இரும்புச் சாமான்தான் வந்து இறங்கியது. அங்கே அவர் ஏசி மெக்கானிக். நல்ல சாமான் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதை வாங்காமல் அவருக்குத் தூக்கம் வராது. ஸ்பேனர் செட்டு, டிரில் மிஷின், கிரைண்டர், பைப் ரெஞ்சு, செயின் பிளாக் என்று ஷெட்டு நிறைந்தது. "ஊருக்கு வந்து கடை போடும்போது சாமானுக்கு எவன் கையையும் எதிர்பாக்கக் கூடாது" என்பார். கடை எப்போது என்று கேட்டால் மட்டும் போனில் சிக்னல் போய்விடும்.

ஆக, கார் இல்லாத ஷெட்டுக்கும் கடை இல்லாத சாமானுக்கும் காவல்காரி நான்.

கடைசி லீவில் அவர் அந்த ஷெட்டை ஒழுங்கு பண்ணினார். எங்கள் ஊர் பீங்கான் தொழிலுக்குப் பேர்போனது; மின்கம்பத்தில் மாட்டுகிற பீங்கான் இன்சுலேட்டர் ரிஜெக்ட் ஆனால் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும். விரிசல் விட்டது, மேல்பூச்சு கிளேஸ் ஒழுகினது, கழுத்து கோணினது. அதில் ஒரு மூட்டை கொண்டுவந்து சுவர் முழுக்கப் பதித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சாமானை மாட்டினார். காது உடைந்த டீ கப்புகளை அலமாரியில் வரிசையாக வைத்து, திருகாணி, போல்ட்டு, நட்டு, வாஷர் என்று பிரித்துப் போட்டார். எல்லாம் முடிந்ததும் கறுப்புப் பெயின்டை எடுத்து, மாட்டியிருந்த ஒவ்வொரு சாமானையும் சுற்றிக் கோடு போட்டார். சாமானை எடுத்துவிட்டால் சுவரில் அதன் உருவம் மட்டும் நிற்கும். எது இல்லை என்பதை வாசலில் நின்றே சொல்லிவிடலாம். ஆள் விழுந்து கிடந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டிருப்பதை டிவி செய்தியில் காட்டுவார்களே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. சொன்னேன். "ஒன் வாயில நல்லதே வராதா?" என்றார்.

வெள்ளிக்கிழமை அவருக்கு வேலை இல்லை. சாயங்காலம் வீடியோ கால் போட்டால் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரைக் காட்டச் சொல்வார். நானும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் நடப்பேன். கட்டிங் பிளேயர் இருக்கிறதா, இருக்கிறது. பைப் ரெஞ்சு இருக்கிறதா, இருக்கிறது. பெண்டாட்டி இருக்கிறாளா என்று அவர் கேட்டதில்லை. நானும் அதை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கோடு போட்டதால் சாமான் தங்கிவிடுமா? தெருவில் யார் வீட்டில் குழாய் ஒழுகினாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். "கொஞ்சம் ஸ்பேனர் குடுங்க, அஞ்சு நிமிஷத்துல கொண்டாந்துடறேன்" என்பார்கள். அந்த ஐந்து நிமிஷம் பக்ரீத் வரைக்கும் நீளும். அப்படிப் போன ஒரு ரெஞ்சை வேப்பூர் ரோட்டில் ஒரு பஞ்சர் கடையில் நானே கண்ணால் பார்த்தேன். எடுத்துக்கொண்டு வந்ததற்கு அவன் என்னைத் திருடி என்றான். அன்றைக்கு நான் பேசிய பேச்சு அந்த ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது.

அதன் பிறகுதான் என் மாமியாரின் வழக்கத்தைக் கையில் எடுத்தேன். அவர் காலத்தில் எங்கள் வீட்டில் சாமான் என்று இருந்தது ஒன்றே ஒன்று, பாதாளக் கரண்டி. கிணற்றில் விழுந்த வாளியையும் குடத்தையும் எடுக்கிற இரும்பு. ஒரு வளையம், அதிலிருந்து சங்கிலி சங்கிலியாகத் தொங்கும் கொக்கிகள். கயிற்றில் கட்டி இறக்கித் துழாவினால் ஏதாவது ஒரு கொக்கி மாட்டிக்கொள்ளும். எல்லா வீட்டிலும் கிணறு இருந்த காலத்திலும் தெருவுக்கு ஒரு வீட்டில்தான் கரண்டி இருக்கும். கேட்டு வருகிறவர் ஒரு பாத்திரத்தை ஈடாக வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போகவேண்டும். ஈடு வாங்காமல் கொடுத்தால் நம் வீட்டுப் பாத்திரமும் கிணற்றுக்குப் போய்விடும் என்பது பேச்சு. கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் இதில் மனத்தாங்கல் கிடையாது. ஊர் வழக்கம்.

அதையே நான் எல்லாச் சாமானுக்கும் வைத்தேன். சுவரில் எந்தப் பீங்கான் கொண்டியிலிருந்து சாமானை எடுக்கிறாயோ அந்தக் கொண்டியில் உன் பொருள் ஒன்றை மாட்டிவிட்டுப் போ. சிரித்தார்கள். அடகுக் கடைக்காரி என்று பேர் வைத்தார்கள். வைத்தால் வைக்கட்டும். சுத்தியல் இருந்த இடத்தில் ஹெல்மெட் தொங்கியது, ரம்பம் இருந்த இடத்தில் குடை தொங்கியது. ஒருத்தர் ஒரு கால் செருப்பைக் கழற்றி மாட்டிவிட்டு நொண்டிக்கொண்டே போனார். இருப்பதிலேயே நல்ல ஈடு டிவி ரிமோட்டு. சீரியல் தொடங்குவதற்குள் சாமான் வீடு வந்து சேர்ந்துவிடும்.

பாதாளக் கரண்டிக்கு மட்டும் சுவரில் இடமில்லை. மூலையில் தரையில் கிடக்கும், பக்கத்தில் நைலான் கயிறு. என் வீட்டுக்காரர் அதைச் சுற்றியும் தரையில் ஒரு வட்டம் போட்டுவிட்டார். அதைக் கேட்டு வருகிறவர்கள் இப்போது அபூர்வம். கிணறுகளில் பாதிக்கு மேல் செப்டிக் டேங்க் ஆகிவிட்டன. மீதிக் கிணறுகளில் மோட்டார் இருக்கிறது, வாளி ஏது விழுவதற்கு?

அந்தக் கரண்டியைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. நான் கல்யாணமாகி வருவதற்கு முன்னால், பக்கத்துத் தெருவில் ஒரு பெண் கிணற்றில் விழுந்துவிட்டாள். தீயணைப்பு வண்டி வருவதற்குள் இந்தக் கரண்டியைத்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இதில்தான் அவள் வந்தாள். "அன்னைக்கு ஈடு வாங்குனீங்களா?" என்று வெவரம் தெரியாத புதுப்பெண்ணாக நான் மாமியாரிடம் கேட்டேன். "ஈடு வக்க அன்னைக்கு யாருக்கு நேரமிருந்திச்சு? வந்தான், எடுத்தான், ஓடுனான்" என்றார். அந்தப் பதில் எனக்குள் ஒரு கணக்காகவே தங்கிவிட்டது. ஈட்டோடு வந்து கேட்டால் விழுந்தது பாத்திரம். ஈடு இல்லாமல் ஓடிவந்தால் பயப்படவேண்டும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மழை விட்டு ஊர் காய்ந்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்கு ஆண்களெல்லாம் போய்விட்டதால் தெருவில் ஆள் இல்லை. நான் ஷெட்டில் கப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்வீட்டு அண்ணன் வந்து ஷெட்டு வாசலில் நின்றார். எங்கள் கொல்லைச் சுவருக்கு அந்தப்பக்கம் அவருடைய கொல்லை. செராமிக் பொம்மைகளுக்குப் பாரிஸ் சாந்தில் அச்சு எடுக்கிறவர். வீட்டில் அவரும் அவர் மனைவியும் மட்டும். எப்போது பார்த்தாலும் முழங்கை வரைக்கும் வெள்ளையாக இருப்பார். மாதா கோயிலில் இறக்கையோடு நிற்கிற சம்மனசு மாதிரி இருக்கிறார் என்று அந்த அக்கா கேலி பண்ணும். அன்றைக்கு அவர் கை சுத்தமாக இருந்தது.

"பாதாளக் கரண்டி இருக்குதாம்மா?"

"இருக்குதுண்ணே. என்னா வுழுந்துச்சு?"

"பக்கெட்டு."

ஈடு கேட்க நான் வாயெடுக்கவில்லை. அதற்குள் அவரே மஞ்சள் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் குடத்தை எடுத்து நீட்டினார். அக்காவின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டிய குடம், கல்யாணச் சீர். ஈடு வந்துவிட்டது, விழுந்தது பக்கெட்டு. எனக்கு மனசு லேசாகிவிட்டது. கரண்டியை எடுக்கச் சொல்லி, கயிற்றையும் கொடுத்து, வட்டத்துக்குள் குடத்தை வைத்தேன். அவர் கரண்டியைத் தோளில் போடாமல் பையில் திணிக்கப் பார்த்தார். கொக்கி பையைக் கிழித்தது. "வெளியில தெரிஞ்சா என்னாண்ணே, கரண்டிதான?" என்றேன். அவர் லுங்கிமேல் கட்டியிருந்த துண்டை எடுத்து அதைச் சுற்றிக் கைக்குழந்தையைப் போல் மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் வீடியோ கால். சுவரைக் காட்டி முடித்துவிட்டு மூலைக்கு வந்தேன். "அது என்னா குடம்?" என்றார் என் வீட்டுக்காரர். சொன்னேன். "அவங்க கெணத்துல மோட்டாரு நான்தான வச்சேன்? உருளையக் கழட்டி என் கையால தூரப் போட்டேன். அதுல பக்கெட்டு எப்படி வுழும்?" என்றார். அதற்குள் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போனை வைத்துவிட்டார்.

நான் அந்தக் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முந்தின நாள் சாயங்காலம் அவர்கள் வீட்டில் சண்டை. சுவருக்கு இந்தப்பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்த எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. பீங்கான் ஏதோ உடைந்தது. எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள், ரிஜெக்ட் பீஸைச் சும்மாவே உடைப்பார்கள். கடைசியில் அவர் கத்தினார்: "போ, போயி கெணத்துல வுழு! ஒன்ன எவன் தேடப் போறான்?" அதற்கும் நான் ஒன்றும் நினைக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு பொழுதுக்கு நாலு பேர் நாலு பேரைக் கிணற்றில் விழச் சொல்வார்கள். சொல்லிவிட்டு, சோறு போடு என்பார்கள். நானே என் வீட்டுக்காரரைச் சொல்லியிருக்கிறேன், கடலுக்கு அந்தப்பக்கம் கிணற்றுக்கு எங்கே போவார் என்ற தைரியத்தில்.

ஆனால் அதற்குப் பிறகு அந்தப்பக்கம் அக்காவின் குரல் கேட்கவில்லை. அதை இப்போதுதான் யோசித்தேன்.

மறுநாள் காலையில் இரண்டு தெருவுக்கும் பொதுவான குழாயில் தண்ணீர் விட்டார்கள். எப்போதும் முதல் ஆள் அக்காதான். பொம்மைக் கம்பெனியில் கண் எழுதுகிற வேலை அதற்கு. சீக்கிரம் போனால்தான் ஜன்னலோரம் வெளிச்சம் உள்ள இடம் கிடைக்கும் என்று விடிவதற்குள் தண்ணீர் பிடித்துவிட்டு ஓடும். அன்றைக்கு வரவில்லை. எப்படி வரும், அது தண்ணீர் பிடிக்கிற குடம் என் ஷெட்டில் அல்லவா இருக்கிறது? வேறு குடம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு குடத்தோடும் வரவில்லை. ஒரு குடும்பத்தின் தண்ணீர்க் குடத்தை ஈடாகக் கொண்டுவந்து வைக்கிறார் என்றால், அந்த வீட்டில் தண்ணீர் எடுக்க ஆள் இல்லை. சாமானைப் பார்த்துப் பார்த்து எனக்கு இப்படி ஒரு புத்தி வந்துவிட்டது. அந்தப் புத்தி அன்றைக்கு எனக்குப் பயத்தைத்தான் கொடுத்தது.

மத்தியானம் ஷெட்டில் நின்றபோது கொல்லைப்பக்கமிருந்து சத்தம் கேட்டது. சிமெண்டு உறையில் இரும்பு உரசுகிற சத்தம். நிற்கும். கொஞ்சம் கழித்துத் தண்ணீரில் ஏதோ சளப் என்று விழும். மறுபடி உரசும். பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, வென்டிலேட்டர் வழியாகப் பார்த்தேன். அண்ணன் கிணற்று உறைமேல் குனிந்து கயிற்றை ஆட்டிக்கொண்டிருந்தார். அவசரமே இல்லை. இடமிருந்து வலம் கொஞ்சம், வலமிருந்து இடம் கொஞ்சம், தரையைப் பெருக்குகிறவரைப்போல ஒரு மூலை விடாமல் துழாவினார். பக்கெட்டுக்காக யாரும் அப்படித் துழாவ மாட்டார்கள்.

டப்பாவிலிருந்து இறங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அக்கா ஒருமுறை இதே ஷெட்டில் வந்து நின்றிருக்கிறது. புருஷனுடைய சாமானை அது தொடக்கூடாது, தொட்டால் அவர் சத்தம் போடுவார். அதனால் ஒரு பிளேயருக்குக்கூட என்னிடம்தான் வரும். அன்றைக்குக் காதுத் தொங்கட்டானைக் கழற்றிக் கொண்டியில் மாட்டிவிட்டுப் பிளேயரை எடுத்தது. "எங்க கெணத்துல தண்ணி இந்த வருஷம் மேல வந்துடுச்சு. எட்டிப் பாத்தா ஜில்லுன்னு மூஞ்சில அடிக்குது. மனசே அடங்கிடுது" என்றது. நல்ல மழை என்று நான் சொன்னேன். வேறென்ன சொல்வேன்? அப்போது அது தண்ணீரைப் பற்றிய பேச்சாகத்தான் இருந்தது.

அன்று ராத்திரி போனில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இந்தா பாரு, அடுத்தவன் வூட்டு வெவகாரத்துல மூக்க நுழைக்காத. ஒண்ணும் இல்லாம இருந்தா நாளைக்கி அந்தாளு மூஞ்சில எப்படி முழிப்ப? கரண்டி வந்துச்சுன்னா வாங்கி வை" என்றார். கரண்டி வந்தால்! அதில் என்ன மாட்டி வரும் என்பதுதானே என் பயம். இந்த மனுஷனுக்கு அங்கே உட்கார்ந்துகொண்டு கரண்டி போய்விடுமோ என்று கவலை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மாதா கோயில் பூசைக்கு ஸ்கூட்டரில் தனியாகப் போனார். பின்சீட்டில் அக்கா இல்லாமல் அவர் கோயிலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்ததும் அவராகவே, "அவளுக்குக் காய்ச்சல்" என்றார். நான் கேட்கவே இல்லை. பூசை முடிகிற நேரத்துக்கு முன்பே திரும்பி வந்துவிட்டார். திரும்பவும் உரசுகிற சத்தம்.

அன்றைக்கு முழுக்க எனக்கு இதே யோசனை. அக்கா கிணற்றுக்குள் இருக்கிறதா? இருந்தால் இந்த மனுஷன் ஏன் யாரையும் கூப்பிடவில்லை? தானே தள்ளிவிட்டாரா? இல்லை, தள்ளினவன் எதற்குத் தேடுவான்? அப்படியானால் அவருக்கே தெரியவில்லை. கிணற்றில் இருக்கிறாளோ இல்லையோ என்று தெரியாமல், ஊருக்குத் தெரியக்கூடாது என்று, திருட்டுத்தனமாகத் தன் பெண்டாட்டியைத் தேடுகிறார். இதை நினைத்தபோது அந்த அண்ணன்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பயமும் அதே அளவுக்கு இருந்ததால் நான் வீட்டை விட்டு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலையிலும் குழாயடிக்கு அக்கா வரவில்லை. அதற்குமேல் என்னால் முடியவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்தெருவுக்குச் சுற்றிப் போனேன். என் கரண்டியைக் கேட்டு வந்திருக்கிறேன், ஈட்டைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன். கேட்டால் இதைச் சொல்லலாம். முன்கதவு தாழ் இல்லாமல் சாத்தியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்து, கொல்லைக்கு நடந்தேன். அடுப்படியில் அக்காவின் போன் சார்ஜரில் கிடந்தது.

கிணற்றைச் சுற்றித் தண்ணீரிலிருந்து வந்தவை கிடந்தன. ஒரு பிளாஸ்டிக் மக்கு, நசுங்கிய அலுமினியக் குண்டான், ரப்பர் பந்து, ஒற்றைச் செருப்பு. பொம்பளைச் செருப்பு. அண்ணன் என்னைப் பார்த்து ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. அந்தச் செருப்பை எடுத்து என் பக்கம் நீட்டினார். கையெல்லாம் கயிறு அறுத்துக் கன்றிப்போயிருந்தது.

"இது அவளோடதாம்மா?"

எனக்கு அந்த இடத்திலேயே அவரை அறையலாம் போலிருந்தது. இத்தனை வருஷம் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பு எது என்று தெரியவில்லை, என்னைக் கேட்கிறார். வாங்கிப் பார்த்தேன். வாரில் பாசி பிடித்து, அடிப்பக்கம் ஊறி விரிந்திருந்தது.

"பழசுண்ணே. ரொம்ப நாளா தண்ணில கெடந்தது."

அவர் உறைமேல் உட்கார்ந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வியாழக்கிழமை சண்டைக்குப் பிறகு அவர் வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது அக்கா இல்லை. போன் இருக்கிறது, குடம் கிணற்றடியில் இருக்கிறது, ஆள் இல்லை.

"அது அவங்க அக்கா வூட்டுக்குப் போயிருக்கும்ணே. கருவேப்பிலங்குறிச்சிக்கு. கேட்டீங்களா?"

"அங்க போவ மாட்டா. அவங்களோட பேச்சுவார்த்தை இல்ல."

"ஒங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்ல. அதுக்குக் கூடப்பொறந்தவங்கதான? ஒரு போன் போட்டா என்னா?"

"போட்டு, அங்க இல்லன்னுட்டா?" என்றார். "அப்புறம் எல்லாருக்கும் தெரிஞ்சிடுமேம்மா."

"பயர் சர்வீசுக்குச் சொல்லுவோம்ணே. நான் சொல்றேன்."

"வேணாம்மா. ஒன் கால்ல வேணா வுழறேன்." சொன்னபடியே குனிந்தும் விட்டார். நான் பின்னால் நகர்ந்தேன். என்னைவிட மூத்த மனுஷர், என் காலுக்கு முன்னால். எனக்கு அழுகை வந்தது, அவருக்காக இல்லை.

எழுந்தவர் மறுபடியும் கயிற்றை இறக்கினார். இந்தமுறை கொக்கி உடனே மாட்டிக்கொண்டது. அவர் இழுத்தார், வரவில்லை. கயிறு விறைத்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். கனமாக, ஆனால் அசைந்து கொடுக்கிற ஏதோ ஒன்று. இரும்பாக இருந்தால் அப்படி அசையாது. நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று தெரியாது. தனியாக அவர் அதை இழுக்கக்கூடாது என்று தோன்றியது. இருவரும் இழுத்தோம். நான் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தேன். அவர் மாதாவே மாதாவே என்று முனகிக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள் முதலில் துணி தெரிந்தது. பழுப்பாக, உப்பி, மெதுவாகத் திரும்பிக்கொண்டு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கயிற்றை விடவில்லை.

"சாக்கு" என்றார் அவர்.

கண்ணைத் திறந்தேன். கோணிச் சாக்கு. உறைவிளிம்பில் இழுத்துப் போட்டதும் வாய் பிரிந்து, ஊறிக் கரைந்த பழைய அச்சுகள் வெள்ளைக் கூழாகத் தரையில் கொட்டின. எப்போதோ அவரே போட்டது. அவர் அந்தக் கூழில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்து சின்னப்பிள்ளைபோல் அழுதார்.

அப்போது அடுப்படி வாசற்படியில் அக்கா நின்றது.

கையில் ஒரு துணிப் பை. பஸ்ஸில் வந்த தூசி முகத்தில் இருந்தது. எவ்வளவு நேரமாக நின்றதோ தெரியாது. கயிற்றைப் பார்த்தது, கரண்டியைப் பார்த்தது, உறைமேல் இருந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தது. எனக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவேண்டும் போலிருந்தது. அதன் முகத்தைப் பார்த்ததும் கால் நகரவில்லை.

"என்னா தேடுறீங்க?"

அண்ணன் முழங்கையால் முகத்தைத் துடைத்தார். நான்தான் அசட்டுத்தனமாக, "பக்கெட்டு வுழுந்துடுச்சாம்க்கா" என்றேன்.

"இந்தக் கெணத்துக்குப் பக்கெட்டு ஏது?" என்றது அக்கா. படியை விட்டு இறங்கவில்லை. சத்தமும் போடவில்லை. "எங்கக்கா வூட்டு வாசல்லதான் உக்காந்திருந்தேன். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எட்டி எட்டிப் பாத்தேன். நீங்க வருவீங்க, இல்ல ஒரு போனாவது வரும்னு. எங்கக்கா கேட்டுச்சு, யாரப் பாக்குறன்னு. வூட்டுலேர்ந்து வருவாங்கன்னு சொன்னேன்."

அவர் தரையில் கொட்டிய கூழைக் கையால் வழித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இங்க தேடிக்கிட்டு இருந்திருக்கீங்க. வுழுன்னு சொன்னீங்க. சொன்ன எடத்துல போயி வுழுந்திருப்பேன்னு மொத ஆளா நீங்களே நம்பிட்டீங்க."

"வந்துட்டல்ல" என்றார் அண்ணன். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அக்கா பையை அடுப்படிக்குள் வைத்துவிட்டு இறங்கி வந்து, செருப்பை எடுத்துக் குப்பையில் போட்டது. பிறகு சாக்கில் சிக்கியிருந்த கரண்டியைக் கொக்கி கொக்கியாகப் பிரித்தது. கயிற்றை முழங்கையில் சுற்றி முடிச்சுப் போட்டது. கண் எழுதுகிற கை, ஒரு கொக்கிகூட அதைக் கீறவில்லை. எல்லாவற்றையும் என் கையில் கொடுத்தது. ஈரமும் கனமுமாக இருந்தது.

"இனிமே இவரு வந்து கேட்டா குடுக்காத தங்கச்சி."

"குடுக்க மாட்டேங்க்கா."

"மொதல்ல எங்கக்கா வூட்டுக்குப் போன் போடச் சொல்லு" என்றது. கிணற்றுக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தது. "அங்கயும் நான் இல்லன்னா, அப்புறம் குடு."

சரிக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன்.